ரூத் அசாவாவின் கம்பிக் கண்ணிகள்

ரூத் அசாவாவின் சிற்பங்களைப் பார்க்கப் போனால் சுவரில் விழும் நிழலையும் சேர்த்துப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் டி யங் அருங்காட்சியகக் கோபுரத்தின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன். கூரையிலிருந்து பெரிய சுரைக்காய்கள் போலத் தொங்கும் கம்பி உருவங்கள். ஒன்றுக்குள் ஒரு உருண்டை, அதற்குள் இன்னொன்று. வெல்டிங் கிடையாது, அச்சு கிடையாது. கம்பியைக் கையால் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டே போயிருக்கிறார். உள்பக்கம் எப்போது வெளிப்பக்கமாக மாறியது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்தப் பின்னலை அவர் கற்றது 1947-இல், மெக்சிகோவின் தொலூக்காவில். அங்கே முட்டை வைக்கும் கூடைகளை இப்படித்தான் கம்பியில் பின்னுவார்கள்.

அசாவா 1926-இல் கலிஃபோர்னியாவில், ஜப்பானிலிருந்து வந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானோடு மோதிய அமெரிக்கா, தன் நாட்டிலிருந்த ஜப்பானிய வம்சத்தவரையே சந்தேகப்பட்டு அடைத்துவைத்தது. 1942-இல் அப்பாவை எஃப்.பி.ஐ. பிடித்துப்போனது. அம்மாவையும் பிள்ளைகளையும் சாண்டா அனிட்டா பந்தய மைதானத்தின் குதிரை லாயத்தில் அடைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்களிடம்தான் இந்தப் பெண் வரையக் கற்றார். பிறகு மில்வாக்கியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஜப்பானிய வம்சம் என்பதால் பயிற்சி வகுப்பு எடுக்க எந்தப் பள்ளியிலும் இடம் தரவில்லை; பட்டம் வாங்காமலே, கலைக்கு முதலிடம் தந்த பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். அங்கே ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் அவருக்கு ஆசிரியர்.

அப்புறம் கல்யாணம், ஆறு பிள்ளைகள். ஐம்பதுகளின் விமர்சகர்களில் சிலர் அவர் படைப்பை வீட்டுப்பெண்ணின் கைவேலையாகவே பார்த்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அவருடைய தோழி, புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாம் எடுத்த படத்தைப் பாருங்கள்: அம்மா கம்பி பின்னிக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் பிள்ளைகள். பட்டறையே வீடுதான். அதனால் சிற்பம் எந்த விதத்தில் குறைந்துவிட்டது?

பிள்ளைகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கலை செய்ய வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. 1968-இல் அல்வராடோ பள்ளியில் கலைப் பட்டறை தொடங்கினார். நகரத்தின் அரசு கலைப் பள்ளி உருவாகவும் பாடுபட்டார். 2010-இல் அந்தப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

யூனியன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஸ்டாக்டன் தெருப் படிக்கட்டில், அவருடைய 1973-ஆம் ஆண்டு நீரூற்று இருக்கிறது. மாவு, உப்பு, தண்ணீர் பிசைந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் செய்த குட்டி உருவங்களை வெண்கலத்தில் வார்த்தது. வீடு, பாலம், கார், மனிதர்கள் என்று ஊரே அதில் இருக்கிறது. பிள்ளைகளோடு போனால் அவசரப்படாதீர்கள், தொட்டுத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.