ஷெர்லி காலின்ஸும் சந்தூர்ப் பெரியம்மாவும்

2025 ஜூன் 9, திங்கள். கிருஷ்ணகிரி

ஷெர்லி காலின்ஸின் ‘லோட்ஸ்டார்’ ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டு முடித்தேன். காலின்ஸ் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதி நாட்டுப்புறப் பாடகி; 1935-இல் பிறந்தவர். பாட்டுக் கட்டுவதைவிட வாய்வழி வந்த பாட்டுகளைப் பாடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 1970-களின் இறுதியில், மணமுறிவின் வேதனையில், மேடையில் வாயைத் திறந்தால் குரல் எழவில்லை. டிஸ்போனியா என்னும் குரல் கோளாறு. பிழைப்புக்கு வேறு வேலைகளுக்குப் போனார். 2014-இல்தான் லண்டனில் மறுபடி மேடையேறினார். 2016 நவம்பரில் இந்த ஆல்பம் வந்தது. முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் 38 ஆண்டு இடைவெளி. அப்போது அவருக்கு வயது 81.

ஜூன் 10, செவ்வாய்

‘டெத் அண்ட் த லேடி’ என்ற பழம்பாட்டை 1970-இலேயே அக்கா டாலியோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார். லோட்ஸ்டாரிலும் அது இருக்கிறது. வழியில் ஒரு பெண் எமனைப் பார்க்கிறாள். பொன் தருகிறேன், பொருள் தருகிறேன், விட்டுவிடு என்கிறாள். அவன் மசியவில்லை.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். காலின்ஸ் எந்த வயதிலும் உணர்ச்சியைக் கூட்டிப் பாடியவர் அல்லர். பாட்டு தன்னைத்தானே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். ஆகவே மாறியிருப்பது குரல் மட்டும்தான். 1970-இல் அது தெளிந்த குரல். யாரோ ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. 2016-இல் இறங்கிக் கனத்துவிட்டது, மூச்சு வாங்கும் இடம் தெரிகிறது. எமனோடு பேரம் பேசுபவள் இவளேதான் என்று நம்பிவிட்டேன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கிழவியின் குரலைத்தான் எடுப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

முன்பின் தெரியாதவர்கள் எதிரில் ஸ்டூடியோவில் பாடக் காலின்ஸுக்குத் துணிவு வரவில்லை. அதனால் லூயிஸ் ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்கே கருவிகளைக் கொண்டுபோய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். கூலி கொடுக்காத பிரபுவின் குடும்பத்தைக் கொத்தனார் பழிவாங்கும் கொடூரமான கதைப்பாட்டு ஒன்று. அதன் பின்னால் பறவைகள் கத்துகின்றன; அதை யாரும் துடைத்து எடுக்கவில்லை.

நம் பக்கத்தில் கிழவிகளின் பாட்டைப் பதிவு செய்தால் என்ன ஆகிறது? சுருதியை இயந்திரத்தில் திருத்தி, கீபோர்டு தாளத்தை மேலே ஏற்றி, நடுக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை. நடுக்கம் போனபின் அந்தப் பாட்டில் யாருடைய வாழ்க்கை மிச்சம் இருக்கும்?

ஜூன் 15, ஞாயிறு. சந்தூர்

பெரியம்மா வீட்டில் இருக்கிறேன். ஒரு காலத்தில் சுற்றுப்பட்டில் எங்கே இழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு இவருக்குத்தான் ஆள் வரும். குரல் கெட்டுவிட்டது என்று நிறுத்திப் பல வருடமாகிறது. கைப்பேசியில் காலின்ஸைப் போட்டேன். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. யார் செத்துப்போனார்கள் என்று கேட்டார். பிறகு, பாடுகிறவளுக்குப் பல் இருக்கிறதா என்றார். கடைசியில்தான் தீர்ப்பு: இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் நிறுத்திக்கொள்கிறாள், மூச்சுக் குறைந்தவள் அப்படித்தான் பாட வேண்டும், தெரிந்தவள்தான்.

அந்த உற்சாகத்தில், நீங்களும் பாடுங்கள், இங்கேயே பதிவு செய்யலாம் என்றேன். நடவுப் பாட்டு என்றால் திண்ணையிலேயே பாடுகிறேன், சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது, அதற்குத் தோப்புக்குத்தான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோப்பில் இப்போது பெங்களூரா மாங்காய் இறக்குகிறார்கள். பகலெல்லாம் ஆட்களும் டெம்போவும். லோடு போனபிறகு, அடுத்த ஞாயிறு சாயங்காலம் என்று முடிவாகியிருக்கிறது. போச்சம்பள்ளியிலிருந்து சின்னம்மாவையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார். பின்பாட்டுக்கு ஆள் இல்லாமல் மாரடிப்புப் பாட்டு நிற்காதாம்.