மண்டாய் போகுமுன்

யூன் 4

மச்சாள் நேற்றிரவு தொலைபேசியில் முடிவாகவே சொல்லிவிட்டாள். "அண்ணி, ஓகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. தங்க வீடு இருக்கு, சாப்பாடு இருக்கு. பிளேன் டிக்கெட்டை மட்டும் நீங்கள் பாருங்கோ." நாங்கள் திருகோணமலையில், அவள் இருப்பது சிங்கப்பூரில், யீஷூன் பக்கம். எங்களுக்குக் கிடைப்பது ஐந்து முழு நாட்கள்.

மகளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. என்ன பார்க்க ஆசை என்று கேட்டேன். மகள் யோசிக்கவேயில்லை. "மிருகங்கள்" என்றாள். சின்னவன் "பென்குயின்" என்றான்.

எனக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. அவள் வயதில் நான் ஒரு மிருகக்காட்சிச்சாலைக்குப் போயிருந்தேன். காலில் சங்கிலியோடு நின்ற ஒரு யானை தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. அது நடனம் ஆடுகிறது என்று நினைத்துக் கைதட்டினோம். அடைபட்ட யானை மனம் நொந்தால்தான் அப்படி ஆடும் என்று பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. என் பிள்ளைகள் அப்படி ஒன்றுக்குக் கைதட்டக்கூடாது. ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒழுங்காகப் படித்துப் பார்க்கப் போகிறேன்.

யூன் 9

மாமா தன் பெட்டியைக் கிளறி, சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையின் பழைய கையேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், 1990களில், சிங்கப்பூர் போனபோது வாங்கியதாம். ஒரு பக்கத்தில் தண்ணீருக்குள் நீந்தும் பனிக்கரடியின் படம். "அப்பப்பா பார்த்த கரடி இப்பவும் இருக்குமா?" என்று மகள் கேட்டாள்.

தேடிப் படித்தோம். அதன் பெயர் இனூக்கா. 1990 டிசம்பர் 26 அன்று அங்கேயே பிறந்தது. வெப்ப நாடொன்றில் பிறந்த முதல் பனிக்கரடி அதுதான். 27 வயதில் நடக்கவே கஷ்டப்பட்டதால், 2018 ஏப்ரல் 25 அன்று வலியில்லாமல் கண்மூட வைத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பனிக்கரடி இல்லை. இனி வெப்ப நாட்டுக்குப் பனிக்கரடியைக் கொண்டுவருவதில்லை என்று பல வருடங்களுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்களாம்.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். எனக்கோ அந்த முடிவைப் படித்த பிறகுதான் அந்த இடத்தின்மேல் நம்பிக்கை வந்தது. கூட்டத்தை இழுக்கிற ஒரு மிருகத்தை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனம் வேண்டும்.

யூன் 15

சிங்கப்பூரில் உள்ள மண்டாய் என்பது ஒரே இடத்தில் ஐந்து மிருகப் பூங்காக்கள். சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலை 1973இல் திறந்தது. இரவுப் பூங்கா 1994இல் வந்தது. இரவில் விழித்திருக்கும் மிருகங்களுக்கென்றே உலகில் முதன்முதலாக அமைத்த பூங்கா அது. பிறகு ஆற்று உயிர்களுக்கான பூங்கா. ஜூரோங்கில் இருந்த பழைய பறவைப் பூங்காவை 2023 தொடக்கத்தில் மூடி, அதே வருடம் மே மாதம் இங்கே புதிய பறவைப் பூங்காவைத் திறந்தார்கள். கடைசியாக 2025இல் மழைக்காட்டுப் பூங்கா.

என் கணவர் "ஐந்து நாள், ஐந்து பூங்கா, கணக்குச் சரி" என்றார். கணக்குச் சரிதான். ஆனால் ஆறு வயதுக் கால்கள் அதற்குச் சரிவராது.

நான் ஒரு விதி வைத்தேன்: இங்கே பார்க்கக்கூடியதை அங்கே தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் பிள்ளைகள் பஸ் ஜன்னலால் யானை பார்த்திருக்கிறார்கள். ஓகஸ்டில் மின்னேரியாக் குளத்தருகே கூட்டம் கூட்டமாக வரும். அதனால் அங்கே யானைப் பக்கம் வெட்டு. மான், மயில், முதலை எல்லாம் வெட்டு.

பட்டியலில் தங்கியவை: ஒராங்குட்டான், நீளமூக்குக் குரங்கு, பாண்டா, தேப்பீர் (சின்னத் தும்பிக்கை போன்ற மூக்குள்ள மிருகம்), அழுங்கு (செதில் உள்ள எறும்புதின்னி). அழுங்கு எங்கள் காட்டிலும் இருக்கிறதே என்று மாமா சொன்னார். உண்மைதான், வேறு இனம். ஆனால் இந்த எழுபது வயதில் அவர் கண்டது இரண்டே தடவை. அதனால் அது தங்கட்டும்.

இன்னொன்று கடற்பசு. எங்கள் அம்மா மன்னார்ப் பக்கம். ஆவுளியா என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான், கண்ணால் கண்டதில்லை. மண்டாயின் ஆற்றுப் பூங்காவில் இருப்பது மனாட்டி, ஆவுளியாவுக்குச் சொந்தம். அதுவும் ஆவுளியாவைப் போலப் புல் பூண்டு தின்று வாழ்வதுதான். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நிற்பேன் என்று இப்போதே வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன்.

யூன் 22

கோணேசர் கோவிலுக்குப் போனோம். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் வழக்கம்போல மான்கள். வெளியூரில் இருந்து வந்த ஒரு குடும்பம் பிஸ்கட் பைக்கற்றை அப்படியே நீட்டிக்கொண்டு படம் எடுத்தது. மான் பிஸ்கட்டையும் தின்றது, உறையையும் இழுத்தது. மகள் ஓடிப்போய் "அன்ரி, பொலித்தீன் வயித்துக்குள்ள போனா அது செத்துப்போகும்" என்றாள். அந்த அம்மா உடனே உறையை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். நல்ல மனுசி.

இந்த ஊர் மான்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. புள்ளிமான் அசைபோடும் பிராணி. உள்ளே போன பொலித்தீன் இரைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்பில் ஒன்றும் சேராது. கடற்கரை வீதியில் குப்பையை மேய்கிற மானைக் கண்டால் எங்களுக்கு அது தினசரிக் காட்சி. தினசரிக் காட்சி என்பதால் சரி என்று ஆகிவிடாது. நானே சின்ன வயதில் பாண் துண்டு எறிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சிங்கப்பூர்ச் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். அங்கே காட்டு மிருகத்துக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் டொலர் வரை தண்டம். குரங்குகள் கையில் பொலித்தீன் பை கண்டால் சாப்பாடு என்று நினைத்துக் கிட்டே வருமாம். கோவிலடிக் குரங்கும் அப்படித்தானே. ஆகவே நடைபாதைகளுக்குப் போகும்போது எல்லாம் முதுகுப்பைக்குள், கையில் ஒன்றும் இல்லை. சின்னவனின் முறுக்கும் பைக்குள்தான்.

யூலை 6

இன்று கடல். இதை எழுதும்போதும் கட்டில் ஆடுகிற மாதிரி இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் திமிங்கிலம் பார்க்கப் போய் அழுதுகொண்டு வந்தவள் மகள். அன்று நாங்கள் ஏறிய படகுக்காரர் நீர்ப்பீச்சைக் கண்டதும் முழு வேகத்தில் அதன் முதுகுக்கே ஓட்டினார். இன்னும் நாலு படகு சுற்றி வளைத்தது. திமிங்கிலம் வாலைத் தூக்கி ஆழத்துக்குப் போனது, திரும்பி வரவேயில்லை. "நாங்கள் அதைத் துரத்திட்டம்" என்று அவள் விம்மினாள். நெருங்கக்கூடிய எல்லை 100 மீற்றர் என்று சட்டம் இருப்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் படகிலேயே சொல்லியிருப்பேன்.

இந்த முறை உப்புவெளியில் நாலு பேரிடம் விசாரித்தேன். கேட்டது ஒரே கேள்வி: "திமிங்கிலத்தைக் கண்டால் எஞ்சினை என்ன செய்வீர்கள்?" மூன்று பேர் "கிட்டக் கொண்டுபோய்க் காட்டுவம்" என்றார்கள். நாலாவது ஐயா "நிப்பாட்டிப்போட்டு இருப்பம், அது விரும்பினா வரும்" என்றார். அவரோடு போனோம்.

காலை 6 மணிக்கு வெளிக்கிட்டோம். எங்கள் துறைமுக வாய்க்கு வெளியே கடலடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. அதனால்தான் நீலத்திமிங்கிலம் போன்ற ஆழ்கடல் உயிர் இவ்வளவு பக்கத்தில் வருகிறது. ஒன்றரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. சின்னவன் தூங்கிப்போனான். பிறகு வடகிழக்கே தூரத்தில் வெண்மையாக, தென்னை உயரத்துக்கு ஒரு பீச்சு. ஐயா எஞ்சினை நிறுத்தினார். கடலின் சத்தம் மட்டும். இன்னொரு பீச்சு, அதன் பின்னால் சாம்பல் நீலத்தில் முடிவில்லாத முதுகு. முழுவதும் பார்த்தது மூன்று நிமிடம் இருக்காது, அதுவும் தூரத்தில்தான்.

மகள் தன் கொப்பியில் எழுதினாள்: "காத்திருந்தது 94 நிமிசம். பார்த்தது 3 நிமிசம்." அவள் முகத்தில் இருந்த நிறைவை நான் எந்தக் கூண்டுக்கு முன்னாலும் கண்டதில்லை. சிங்கப்பூரிலும் கூண்டும் அகழியும் இல்லாமல் ஒரு மிருகத்தையாவது காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

யூலை 8

மச்சாளிடம் கதைத்தேன். "நீர்நாய் பாருங்கோ அண்ணி, அதுக்கு டிக்கெட்டே வேண்டாம்" என்றாள்.

சிங்கப்பூர் ஆறுகள் அழுக்கேறிய காலத்தில் நீர்நாய்கள் இல்லாமலே போய்விட்டனவாம். தண்ணீரைச் சுத்தப்படுத்திய பிறகு, 1998 அளவில் வடக்கே சுங்கை பூலோச் சதுப்பு நிலத்தில் மறுபடி தென்பட்டன. இன்று நகரத்து நடுவிலேயே குடும்பம் குடும்பமாகத் திரிகின்றன. பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீற்றர் நீளக் கொங்கிறீற் வாய்க்காலை உடைத்து, வளைந்தோடும் ஆறாக மாற்றியிருக்கிறார்கள். 2012இல் முடிந்த வேலை. மான்களுக்காக எங்கள் ஊரில் குப்பையைக்கூட மூடி வைக்க முடியவில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

சுங்கை பூலோவும் இலவசம். வலசைப் பறவைகளுக்குச் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் காலம், நாங்கள் போவது அதற்கு முன். பரவாயில்லை. சேற்றில் துள்ளும் மீனும் உடும்பும் எப்போதும் இருக்கும்.

யூலை 13

இன்று ஒரு நல்ல விசயம் பிடிபட்டது.

சிங்கப்பூர் மணி எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். இரவுப் பூங்கா திறப்பது மாலை 7.15. அப்போது இங்கே பின்னேரம் 4.45தான்! அதாவது போய் இறங்கிய முதல் நாட்களில் பிள்ளைகளின் உடம்பு அதைப் பின்னேரம் என்றே நினைக்கும், தூக்கம் வராது. நாலாம் நாளுக்குத் தள்ளினால் உடம்பு அந்த ஊர் மணிக்குப் பழகி, வண்டியிலேயே தூங்கி விழுவார்கள். ஆகவே இரவுப் பூங்கா இரண்டாம் நாளே. அன்று பகல் ஓய்வு. 3 மணிக்கு ஆற்றுப் பூங்கா, நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடம். பாண்டா, மனாட்டி பார்த்து, சாப்பிட்டு, பக்கத்திலேயே இரவுப் பூங்காவுக்கு நடை. உள்ளே போகும் நேரத்தையும் முன்பதிவிலேயே தெரிவு செய்ய வேண்டும், முதல் நேரத்தை எடுத்தேன்.

காலைக்குக் கணக்கு மறுபக்கம். மிருகக்காட்சிச்சாலை 8.30க்குத் திறக்கும், எங்கள் உடம்புக்கு அது காலை 6 மணி. ஆனால் அந்த நேரத்துக்குத்தான் போக வேண்டும். வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலுக்குள் படுத்துவிடும். அதனால் அதை நாலாம் நாளுக்கு வைத்தேன். மச்சாள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டேசன் தள்ளிக் காதிப், அங்கிருந்து மண்டாய்க்கு நேரடி பஸ் இருக்கிறதாம்.

பறவைப் பூங்கா அரை நாள், பென்குயினுக்காக. மழைக்காட்டுப் பூங்காவை விட்டுவிட்டோம். என் கணவருக்கு மனவருத்தம்தான்.

யூலை 20

கூட வேலை செய்யும் ரீச்சர் தன் தொலைநோக்கியைக் கடன் தந்தார். 8×42 என்று எழுதியிருக்கிறது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீற்றர். கடைக்காரர் ஒருவர் 10 மடங்குதான் நல்லது என்று வற்புறுத்தியிருந்தார். பிள்ளையின் கையில் 10 மடங்கு நடுங்கும், ஒன்றும் பிடிபடாது.

டச்பே கடற்கரையில் பழகினோம். முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, கண்ணை எடுக்காமலே தொலைநோக்கியைத் தூக்க வேண்டும். பத்துத் தடவை தவறி, பதினோராம் தடவை மகள் ஒரு செம்பருந்தின் வெள்ளைத் தலையைப் பிடித்துவிட்டாள். சின்னவன் அதை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்து "எல்லாம் தூரப் போயிட்டுது" என்று சந்தோசப்பட்டான்.

ஓகஸ்ட் 3

நாளை இரவு ரயிலில் கொழும்புக்கு. குடை, மழைக்கோட், கொசு மருந்து, பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் வைத்தாயிற்று. சிங்கப்பூருக்குள் நுழையும் படிவத்தையும் நிரப்பிவிட்டோம், அதை வருகைக்கு மூன்று நாட்களுக்குள்தான் கொடுக்கலாம்.

பின்னேரம் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள வாய்க்காலில், கல்லின் மேல் ஈரத்தோடு நாலு நீர்நாய், நடுவில் இரண்டு குட்டி. மகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு போனை வாங்கி, "மாமி, இது எத்தனை மணிக்கு எடுத்தது?" என்று கேட்டாள்.

"காலை ஏழு பத்து."

கொப்பியில் கழித்துப் பார்த்தாள். எங்கள் மணிக்கு 4.40. எழுந்து போய் மேசை மணிக்கூட்டை எடுத்து, நாளைக் காலைக்கு அந்த நேரத்துக்கே அலாரம் வைத்தாள். "இப்பவே பழகினாத்தான் அம்மா அங்க எழும்பலாம்" என்றாள். நானும் அவளோடு எழும்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.