வாலடியில் மலம் அப்பிய முயலைச் சுத்தம் செய்தது எப்படி

முயலைக் குளிப்பாட்டக் கூடாது என்று வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சரி, வாலடியில் மலம் அப்பிப்போய் வீடே நாறும்போது என்னதான் செய்வது? அதைத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்களுடையது நியூசிலாந்து வெள்ளை இனப் பெட்டை. வயது நான்கைத் தாண்டியது, எடை ஐந்து கிலோவைத் தாண்டியது. மதுரையின் சித்திரை வெயிலில் அது வழக்கத்தைவிட அதிகமாகப் படுத்தே கிடந்தது. தூக்கிப் பார்த்தால் வாலுக்குக் கீழே முடி பழுப்பாகிக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. "வாளித் தண்ணியில முக்கி எடுத்து ஷாம்பு போட்டா ஆச்சு, இதுக்குப் போய் டாக்டரா?" என்றார் அம்மா. நாய்க்கு அது சரி. முயலுக்குத் தோலை ஒட்டிய முடி அவ்வளவு நெருக்கம். முழுக்க நனைந்தால் காய மணிக்கணக்காகும், அதற்குள் உடம்பு சில்லிட்டுப் போகும். அதைவிட மோசம் பயம். பின்னங்காலால் அது உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். அதிர்ச்சியிலேயே செத்துப்போவதும் உண்டு.

கால்நடை மருத்துவர் அதன் பின்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அப்புறம் வயிற்றை அமுக்கிப் பார்த்து, காலை மடக்கி நீட்டினார். பல் கோளாறு, மூட்டுவலி, மூத்திரப்பையில் சுண்ணாம்புப் படிவு என்று எது இருந்தாலும் முயலால் குனிந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாதாம். எங்கள் முயலுக்கு அதெல்லாம் இல்லை. "என்ன சாப்பிடுது?" என்றார். தீவனக் குச்சி கிண்ணம் நிறைய, கூடவே அப்பா பாசத்தோடு ஊட்டும் வாழைப்பழம்.

முயல் இரண்டு விதமாகப் போடும். ஒன்று நாம் பார்க்கிற உருண்டைப் புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று, பளபளப்பாக வருவது. அதைக் கீழே விழ விடாமல் வாயை வைத்தே எடுத்துத் தின்றுவிடும். அதில்தான் அதற்குத் தேவையான புரதமும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. தீவனக் குச்சியின் மாவும் பழத்தின் இனிப்பும் கூடினால் இந்த மெத்தென்ற மலம் கூழாகிவிடும். உடம்பும் பருத்திருந்தால் வாய் அங்கே எட்டாது. எட்டாதது முடியில் அப்பிக்கொள்ளும்.

சுத்தம் செய்ய அவர் சொன்னது சூப்பில் கலக்கும் வெள்ளை கார்ன்ஃப்ளார். முகப் பவுடர் வேண்டாம், தூள் நுரையீரலுக்குப் போகும் என்றார். தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, முயலை மடியில் என் வயிற்றோடு சாய்த்து, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் இன்னொன்றைப் பின்பக்கத்துக்கு அடியிலும் கொடுத்துக்கொண்டேன். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும்தான், ஆனால் அது சுகத்தில் இல்லை, பயத்தில். மாவைத் தொட்டுத் தொட்டுக் கட்டியின் மேல் வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு பொருபொருவென்று ஆகும். பிறகு விரலால் நசுக்கி, பல் நெருக்கமான சீப்பால் நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். இழுக்கவே கூடாது, தோல் அவ்வளவு மெல்லியது. கத்தரிக்கோலும் ஆகாது, முடியோடு சேர்ந்து தோலும் தூக்கிக்கொண்டு வரும்.

காய்ந்து இறுகிய இடத்துக்கு மட்டும் தண்ணீர் தேவைப்பட்டது. அகலமான பேசினில் இரண்டு விரற்கடை வெதுவெதுப்பான தண்ணீர், கால் வழுக்காமலிருக்க அடியில் ஒரு துணி. அம்மா முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, பின்பக்கத்தை மட்டும் ஊறவைத்தேன். சோப்பு போடவில்லை. பிறகு துண்டால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து, நடுவே என் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே வேர்வரை காயவைத்தேன். இதுதான் பெரிய வேலை. டிரையர் சத்தம் அதற்கு ஆகவே ஆகாது. ஆனால் ஈரத்தை விட்டுவைத்தால் தோல் வெந்து புண்ணாகிவிடும்.

இவ்வளவு பாடும் ஈக்குப் பயந்துதான். அழுக்கு முடியில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும், அது உயிருள்ள சதையைத் தின்னும். வெயில் காலத்தில் காலையும் மாலையும் முடியை விலக்கிப் பார்ப்பது அவசியம். ஒரு புழு கண்ணில் பட்டாலும் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். கடையில் கேட்டபோது நாய் உண்ணிக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுத்து நீட்டினார்கள். அதில் ஃபிப்ரோனில் என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், முயலுக்கு அது உயிரை எடுக்கிற விஷம்.

பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் முடியாது. அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே முயலின் குடல் இயக்கம் நிற்கத் தொடங்கிவிடும். அதனால் தீவனத்தைப் படிப்படியாகக் குறைத்து, அருகம்புல்லும் கோ-4 என்ற தீவனப் புல்லும் நாள் முழுக்கக் கிடைக்கும்படி வைத்தோம். டிமோத்தி புல் நல்லதுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் அதன் விலைக்கு எங்கள் வீட்டு மளிகையே வந்துவிடும். வாழைப்பழத்தை நிறுத்தியதில் முயலைவிட அப்பாவுக்குத்தான் வருத்தம். வாரங்கள் போகப் போகப் புழுக்கை உருண்டு திரண்டது, வாலடியும் காய்ந்தே இருக்கிறது.

முடி உதிரும் பருவத்தில் மட்டும் தினமும் சீவிவிடுகிறேன். முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. நக்கி விழுங்கிய முடி குடல் வழியாகத்தான் போயாக வேண்டும். மூத்திரத் தட்டில் படியும் வெள்ளைக் கறைக்கு வெள்ளை வினிகரை ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தால் போதும், பினாயில் வாடை அதற்குக் கிட்டவே போக வேண்டாம்.