அந்த வானம் மாலையில் சிவந்ததல்ல

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தீட்டிய நீர்வண்ணப் படம் ஒன்றைப் பாருங்கள். ஆற்றங்கரை, தண்ணீரில் இறங்கிய மாடுகள், துணி துவைக்கும் பெண்கள். வானம் இளஞ்சிவப்பு, மரங்கள் பழுப்பு. உடனே ‘இலையுதிர்கால மாலை’ என்று சொல்லிவிடுகிறோம். அவசரம் வேண்டாம். ஓவியர் தீட்டியது கோடைப் பகலாகவும் இருக்கலாம்.

மேகத்தின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தையும் இந்தியச் சிவப்பையும் கலப்பது அன்றைய வழக்கம். இந்தியச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. எத்தனை வெளிச்சம் பட்டாலும் அசையாது. அவுரி வெளுத்துவிடும். நீலம் கழன்றதும் அடியிலிருந்த சிவப்பு மட்டும் மிஞ்சி, பொய்யான அந்தி ஒன்றைக் காட்டுகிறது. மரங்களின் பச்சையிலும் அவுரிதான் இருந்தது. அது போனால் மீதி பழுப்பு. மரங்கள் நீலம் பாரித்திருந்தாலோ, போனது பெரும்பாலும் மஞ்சள். கேம்போஜ் போன்ற மஞ்சள்களும் வெளிச்சத்துக்குத் தாங்காதவை.

சோதிக்க எளிய வழி உண்டு. சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மூடியிருந்த ஓரத்தைப் பாருங்கள். அங்கே சாம்பலும் பச்சையும் அப்படியே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அட்டை பசை போட்டு ஒட்டியிருந்தால் நீங்களே பிரிக்க வேண்டாம், தாள் கிழியும்.

அடுத்து வெள்ளையைக் கவனியுங்கள். நல்ல கைகள் வெள்ளையைப் பூசுவதில்லை, தாளையே விட்டுவைக்கும். ஆங்கில ஓவியர் தாமஸ் கர்ட்டின் 1800-இல் தீட்டிய ‘செல்சியில் வெள்ளை வீடு’ படத்தில் தேம்ஸ் கரையில் பளிச்சிடும் வீடு அப்படித்தான். சிலர் காய்ந்த வண்ணத்தைக் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். பூதக்கண்ணாடியில் தாளின் நார் எழும்பியிருப்பது தெரியும். பாய்மரமோ பெண்ணின் முக்காடோ விசித்திரமாகக் கறுத்திருந்தால் அது ஈய வெள்ளையாக இருக்கலாம். நிலக்கரிப் புகை நிறைந்த காற்றின் கந்தகம் அதை ஈய சல்பைடாக்கிக் கறுக்க வைத்தது. துத்தநாகத்தில் செய்த ‘சைனீஸ் ஒயிட்’ 1834-இல் விற்பனைக்கு வந்தது; அது இப்படிக் கறுக்காது. கறுத்ததை மீட்க வழி இருக்கிறது, ஆனால் அது தாள் பாதுகாப்பு நிபுணரின் வேலை.

வெளுத்த அவுரி மட்டும் திரும்பாது. இருட்டில் வைத்தால் சேதம் நிற்கும், அவ்வளவே. சுவரில் மாட்டுவதானால் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். அதையும் ஆண்டில் சில மாதங்களோடு நிறுத்துங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி இருக்கட்டும், தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அமிலமுள்ள பழைய மவுண்ட் அட்டை, தன் ஓரம் படும் இடமெல்லாம் பழுப்புக் கோடு இழுத்துவிடும். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.