வரைபடத்தில் நம் மாவட்டங்கள்

மிசோரத்தில் இரைப்பைப் புற்றுநோயும் கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோயும் மிகுந்திருப்பதை நமக்குத் தெளிவாகக் காட்டியவை, 1981-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் இயங்கும், மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள். நோயாளி எங்கே சிகிச்சை பெற்றார் என்பதையல்ல, எங்கே குடியிருக்கிறார் என்பதையே அவை கணக்கில் கொள்கின்றன.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் அடங்கிய நம் பகுதிக்கு இந்த விதி உயிர்நாடியானது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர் பலர் பெங்களூருக்கும், அரூர்ப் பக்கத்தவர் சேலத்துக்கும் செல்கிறார்கள்; அங்கே வசதிக்காக உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால், நம் ஊரின் நோய் வேறொரு நகரத்தின் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். கிருஷ்ணகிரி 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதால், அதற்கு முந்தைய தருமபுரி எண்களை இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிடவும் இயலாது. முதியோர் மிகுந்த வட்டத்தில் புற்றுநோயும் மிகுந்தே தெரியும். ஆகவே வயதுக்கேற்பச் சீராக்கிய விகிதத்தையே, அதாவது வயது வேறுபாட்டின் தாக்கத்தை நீக்கிக் கணக்கிட்ட விகிதத்தையே, பார்க்க வேண்டும்.

நம் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடோடு எல்லா நோயையும் முடிச்சுப் போடுவதை நான் ஏற்கவில்லை. அது பற்களையும் எலும்புகளையும் கெடுப்பது உறுதி. ஆனால் இரைப்பைப் புற்றுநோய்க்கு நிறுவப்பட்ட முக்கியக் காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமித்தொற்றும் (பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதை அறிவித்தது) புகையிலையும்தான்.

வெளியூர் மருத்துவமனைக்கு உறவினரை அழைத்துச் செல்வோர், பதிவுச் சீட்டில் சொந்த ஊரையும் வட்டத்தையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்.