பொங்கலுக்குள் அறுத்தால்தான் உளுந்து

ஆடி பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "உப்பு நிலத்துக்கு எந்த நெல் ரகம் போடலாம்?" தலைஞாயிறு பக்கம், அடப்பாற்றின் கடைமடையில், அப்பா விட்டுப்போன பத்து மா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதைத் தவிர இதற்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனாலும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: "எந்தத் தேதியில் அறுப்பீர்கள்? வயல் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்?" பாதிப் பேர் சலித்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள்.

பங்குனிக் கடைசியில் எங்கள் கிழக்குத் தாக்கில், அதாவது கிழக்குப் பக்க வயலில், குனிந்து பார்த்தால் விஷயம் புரியும். வெடிப்புகளின் விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். வரப்புச் சரிவில் விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு அருகு என்ற புல்லைத் தவிர வேறு பச்சை இருக்காது. இது ஆற்று வழியாக நேற்று வந்த உப்பு அல்ல. அடியில் இருக்கும் உவர்நீர் வெயில் இழுக்க இழுக்க மேலே ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சம்பா அறுத்துவிட்டு நிலத்தை வெறுமனே போட்டால், அடுத்த சம்பாவுக்கான உப்பை நாமே காய்ச்சி வைக்கிறோம் என்று அர்த்தம். சம்பாவுக்குப் பின் உளுந்து என்கிற இரண்டாம் போகம் பணத்துக்காக மட்டும் அல்ல என்று நான் வாதாடுவது இதனால்தான்.

ஏறிய உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவும். ஆனால் கழுவிய தண்ணீர் வெளியே போக வேண்டுமே! ஓரடி ஆழ மண்ணின் வழியாக ஓரடித் தண்ணீர் இறங்கி வெளியேறினால், அந்த மண்ணின் உப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விடும் என்பது உலகமெங்கும் புழங்கும் கணக்கு. 2004 சுனாமியில் கடல் புகுந்த நாகை வயல்கள் இனி எப்போது விளையுமோ என்று பேசிக்கொண்டிருந்தோம். 2005 கடைசியில் கொட்டிய பெருமழை பல இடங்களில் அந்த உப்பை அடித்துக்கொண்டு போனது. வடிகால் இருந்த வயல் சீக்கிரம் தேறியது. குட்டை மாதிரித் தேங்கிய வயல் இழுத்தடித்தது.

இந்த இடத்தில் ஜிப்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை கண்டாலே மூட்டை மூட்டையாக ஜிப்சம் போடச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அது களர் நிலத்துக்கான மருந்து. மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை (பி.எச்.) 8.5-ஐத் தாண்டினால் ஜிப்சம் போடலாம். வெறும் உவர் நிலத்துக்கு வேண்டியது நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். மண் பரிசோதனைச் சீட்டில் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன், கார அமில நிலை இரண்டையும் பார்க்காமல் மூட்டை வாங்காதீர்கள்.

சரி, ரகம். எங்கள் பக்கம் சி.ஆர். 1009-ஐ விட்டு வர மாட்டார்கள். காரணம் உண்டு: நவம்பர் வெள்ளத்தில் சாயாமல் நிற்கும். ஆனால் வயது 155, 160 நாள். ஆவணி நடுவில் நேரடி விதைப்புச் செய்தால் பிப்ரவரியில்தான் அறுக்கலாம். அதற்குள் மண் இறுகிவிடும், பனியும் குறைந்துவிடும், தெளித்த உளுந்து முளைத்து அப்படியே சுருங்கும். 1995-இல் வெளிவந்த திருச்சி 1, அல்லது கோ 43 போட்டால் 135 நாளை ஒட்டி முடிகிறது. இரண்டுமே ஓரளவு உப்பைத் தாங்குபவை. பொங்கலை ஒட்டி அரிவாள் வைக்கலாம். குழியடிச்சான் போடும் ஓரிருவரும் இருக்கிறார்கள், உப்புக்கு அசைந்து கொடுக்காத பழைய நெல்; எனக்கு அதன் விளைச்சல் கட்டுப்படியாகவில்லை.

சீக்கிரம் அறுத்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழை டெல்டா முழுக்கக் கதிரைப் படுக்கவைத்தது. 2023-இல் அதே வேலையைப் பிப்ரவரி முதல் வாரத்து மழை செய்தது. இரண்டு பக்கமும் அடி விழும் என்றால், உளுந்தாவது மிஞ்சும் பக்கத்தில் நிற்பது மேல்.

நெற்பயிர் முளைக்கும்போது உப்பைப் பொறுத்துக்கொள்ளும். இளம் பயிராக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் நொந்துபோகும். விதைப்புக்குப் பின் மழை ஏமாற்றினால் திட்டுத் திட்டாக நுனி கருகுவது அதனால்தான். அந்தத் திட்டுகளுக்காகவே மேட்டில் ஒரு சிறிய நாற்றங்கால் வைத்திருக்கிறேன். முப்பது நாளுக்கு மேல் வளர்ந்த முற்றிய நாற்றை, குத்துக்கு நான்கைந்தாக நெருக்கி நட்டுவிடுவேன். இளநாற்று வைத்தால் உப்பு தின்றுவிடும்.

உளுந்துக்கு வருவோம். கதிர் பழுத்து நிற்கும்போதே, காலை வைத்தால் அச்சுப் பதிந்து, எடுத்தால் சேறு ஒட்டாத மெழுகுப் பதத்தில் ஆடுதுறை 3 விதையைத் தெளிக்கிறேன். பெல்ட் அறுவடை மெஷின் வருவதற்கு நான்கைந்து நாள் முன்பு. முளை தலை தூக்கிய பிறகு மெஷின் இறங்கினால் நசுங்கிவிடும். அறுத்த பிறகு தெளித்தால் ஈரம் இருக்காது. அதன்பின் தண்ணீர் காட்டுவதில்லை, பனியிலேயே வளரும். பூக்கும்போது இரண்டு சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிப்பதோடு சரி. பங்குனிக்குள் பறித்துவிடலாம்.

ஆனால் உளுந்து உப்புக்குப் பயந்த பயிர். கிழக்குத் தாக்கின் பள்ளத்தில் அது வராது. அங்கே வைக்கோலை விற்காமல் பரப்பிவிடுகிறேன், வெயில் மண்ணைத் தொடாமல் இருக்க. வங்காளத்துச் சுந்தரவனத்தில் இப்படி வைக்கோல் மூடிய சேற்று நிலத்தில் உழாமலே உருளைக்கிழங்கு எடுக்கிறார்கள். கோடை மழை ஒன்று கிடைத்தால் அதே பள்ளத்தில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயம் மடக்கி உழுதுவிடுவேன். பக்கத்தில் வெட்டிய பண்ணைக்குட்டையைப் பார்த்தவர்கள் ஆழம் போதாது என்கிறார்கள். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல்தான் மிதக்கிறது. ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் உப்புதான் ஊறும். எடுத்த மண்ணைப் போட்டு உயர்த்திய கரையில் வெண்டை, கத்தரி வைத்திருக்கிறேன்.

தீராத தலைவலி மெஷின்தான். தை முதல் வாரத்தில் நான் ஒருத்தி மட்டும் அறுப்பேன் என்றால் எந்த பெல்ட் மெஷினும் இந்தக் கடைமடைக்கு வராது. சுற்றியுள்ளவர்களும் 135 நாள் ரகத்துக்கு மாறினால் சேர்ந்து வரவழைக்கலாம். வடக்குப் பக்கத்து மாமாவும் அவர் மருமகளும் இந்த ஆண்டு சரி என்றுவிட்டார்கள். அடுத்த வயல் அண்ணனிடம் பேசினேன். "சி.ஆர். வைக்கோல் மாட்டுக்கு நிறையக் கிடைக்கும் தங்கச்சி" என்கிறார். அவர் வீட்டில் நான்கு உம்பளாச்சேரி மாடுகள் நிற்கின்றன, அவர் சொல்வதும் நியாயம்தான். மருமகளிடம் ஒரு மூட்டை விதை நெல் கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆவணி வர இன்னும் நாள் இருக்கிறது.