டார்ட்டாய்ஸ் எஸ்விஎன்: ஓகே அழுத்தும் முன் பட்டியலைப் படியுங்கள்

ப்ரோக்ராம் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் சப்வெர்ஷன் (எஸ்விஎன்). அதை விண்டோஸில் வலது கிளிக்கிலேயே பயன்படுத்த உதவும் கருவிதான் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன். ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து 'எஸ்விஎன் கமிட்' (மாற்றங்களைப் பதியும் கட்டளை) கொடுத்தால் வரும் விண்டோவில் மேலே மெசேஜ் எழுதும் பெட்டி, கீழே ஃபைல் பட்டியல். பலரும் மேலே ஒரு வரி அடித்துவிட்டு, கீழே கண்ணை ஓட்டாமலே ஓகே கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் வேலை இருப்பது கீழேதான்.

சப்வெர்ஷனில் கமிட் நேராக சர்வருக்குப் போகிறது. கிட் என்ற இதே வகை மென்பொருளில் கமிட்டை நம் கணினியிலேயே வைத்துத் திருத்திவிட்டுப் பிறகு அனுப்பலாம். இங்கே அந்த இடைவெளி கிடையாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள ஃபைல் ஒன்று போய்விட்டால், அடுத்த ரிவிஷனில் (ஒவ்வொரு கமிட்டும் ஒரு ரிவிஷன்) அழித்தாலும் பழைய ரிவிஷனில் அது அப்படியே இருக்கும். அடியோடு நீக்க, அட்மின் சர்வரில் உள்ள மொத்தக் களஞ்சியமான ரெபாசிட்டரியையே டம்ப் (முழுப் பிரதி) எடுத்து, வடிகட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குக் காத்திராமல் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கமிட்டை எப்போதும் வொர்க்கிங் காப்பியின் (உங்கள் கணினியில் உள்ள ப்ராஜெக்ட் நகல்) மேல்மட்ட ஃபோல்டரிலிருந்து தொடங்குங்கள். உள்ளே இருக்கும் ஒரு ஃபோல்டரில் நின்று கொடுத்தால் அந்த ஃபோல்டரின் மாற்றங்கள் மட்டுமே பட்டியலில் வரும். வெளியே மாற்றிய ஃபைல் விடுபட்டது தெரியவே தெரியாது.

ஏற்கெனவே ரெபாசிட்டரியில் இருந்து, நீங்கள் திருத்திய ஃபைல்கள் டிக்குடன் வரும். புதிதாக உருவாக்கியவை டிக் இல்லாமல் வரும், அதுவும் வெர்ஷன் இல்லாத (எஸ்விஎன்னில் இன்னும் சேராத) ஃபைல்களைக் காட்டும் தேர்வு இயக்கத்தில் இருந்தால்தான். அதை அணைக்கவே அணைக்காதீர்கள். 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் புது ஃபைல் விடுபடுவதுதான் காரணம். பழைய பாணி சி ஷார்ப் ப்ராஜெக்ட்டில் புது கிளாஸ் சேர்த்தால், எந்தெந்த ஃபைல்கள் சேர்ந்தது என்று பட்டியலிடும் ப்ராஜெக்ட் ஃபைலும் மாறும். ப்ராஜெக்ட் ஃபைல் டிக்குடன் போய்விடும், கிளாஸ் ஃபைல் இங்கேயே தங்கிவிடும். அடுத்தவர் அப்டேட் எடுத்ததும் பில்ட் (கோடை ஓடும் ப்ரோக்ராமாக மாற்றுவது) உடையும். பட்டியலில் ப்ராஜெக்ட் ஃபைல் இருந்தால், அதனுடன் போகவேண்டிய புது ஃபைல் எது என்று தேடிப் பாருங்கள். டிக் போட்டாலே போதும், தனியாக 'ஆட்' கொடுக்க வேண்டியதில்லை.

பெயர் மாற்றம்தான் அதிகம் சறுக்கும் இடம். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே பெயரை மாற்றிவிட்டால் பட்டியலில் இரண்டு வரிகள் தெரியும்: பழைய பெயர் 'மிஸ்ஸிங்', புதிய பெயர் வெர்ஷன் இல்லாதது. இரண்டுக்கும் டிக் போட்டால் கமிட் ஆகும்தான். ஆனால் சப்வெர்ஷன் அதை ஒரு அழிப்பு, ஒரு சேர்ப்பு என்று தனித்தனியாகப் பதியும். புதிய பெயரில் லாக் (மாற்றங்களின் பதிவேடு) பார்த்தால் பழைய வரலாறு எதுவும் வராது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரண்டு வரிகளையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'ரிப்பேர் மூவ்' கொடுங்கள். வரலாறு தொடரும். கமிட் ஆகும் முன் செய்தால்தான் இது எளிது.

'பின்', 'ஆப்ஜ்' போன்ற பில்ட் ஃபோல்டர்களை வலது கிளிக்கில் இக்னோர் பட்டியலில் (எஸ்விஎன் கண்டுகொள்ளாமல் விடுபவை) சேர்த்துவிடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த இக்னோர் விதி, மேலே உள்ள ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டியாகத்தான் (அந்த ஃபோல்டரோடு சேர்த்து வைக்கும் குறிப்பு) பதிவாகிறது. அதனால் அந்த ஃபோல்டரே மாற்றம் கண்டதாகப் பட்டியலில் வரும். 'ஃபோல்டரில் நான் ஒன்றும் மாற்றவில்லையே' என்று டிக்கை எடுத்துவிட்டால் விதி உங்களிடம் மட்டும் இருக்கும், மற்றவர்களுக்குப் போகாது.

ஏற்கெனவே ரெபாசிட்டரிக்குள் போய்விட்ட ஃபைலுக்கு இக்னோர் வேலை செய்யாது. உங்கள் கணினிக்கென்று மாற்றிய கான்ஃபிக் ஃபைல் ஒவ்வொரு முறையும் டிக்குடன் வந்து தொல்லை கொடுத்தால், அதை 'இக்னோர்-ஆன்-கமிட்' என்ற சேஞ்ச்லிஸ்ட்டுக்கு (மாறிய ஃபைல்களைப் பிரித்து வைக்கும் குழு) நகர்த்துங்கள். இனி டிக் இல்லாமல் வரும். இது உங்கள் வொர்க்கிங் காப்பிக்கு மட்டுமான ஏற்பாடு. அந்த ஃபைலில் எல்லோருக்கும் தேவையான மாற்றம் செய்யும் நாளில் நீங்களே நினைவு வைத்து டிக் போட வேண்டும். இதைவிட நல்ல வழி, மாதிரி கான்ஃபிக் ஒன்றை மட்டும் ரெபாசிட்டரியில் வைத்து, அவரவர் அதைக் காப்பி எடுத்துக்கொள்வது.

டிக் உள்ள ஒவ்வொரு வரியையும் இரட்டைக் கிளிக் செய்து டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம்) பாருங்கள். சோதனைக்குப் போட்ட பிரிண்ட் வரி, எடிட்டர் தானாக மாற்றிய ஸ்பேஸ்கள் எல்லாம் அங்கேதான் பிடிபடும். ஒரே ஃபைலில் பாதி மாற்றம் மட்டும் போகவேண்டும் என்றால் வலது கிளிக்கில் 'ரிஸ்டோர் ஆஃப்டர் கமிட்' கொடுங்கள். இப்போதுள்ள நிலை நகலாகச் சேமிக்கப்படும். பிறகு வேண்டாத வரிகளைப் பழையபடி ஆக்கி, சேமித்து, கமிட் செய்தால், முடிந்ததும் உங்கள் முழு மாற்றமும் திரும்பி வந்துவிடும். அப்படி வெட்டிய வடிவத்தை யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால், ஓகே அழுத்தும் முன் ஒரு பில்ட் எடுத்துவிடுங்கள்.

பெரிய கமிட்டுக்குப் பிறகு வேறொரு ஃபோல்டரில் புதிதாக செக்அவுட் எடுத்து (ரெபாசிட்டரியிலிருந்து முழு நகலை இறக்கி) பில்ட் செய்வது நல்லது. டிக் விடுபட்ட ஃபைல் எது என்று கம்பைலரே பெயர் சொல்லிக் காட்டிவிடும்.